ஒரே குழந்தைக்கு இரண்டு அறிக்கைகள்: ஒலிப்புச் சிக்கலின் கடுமையை எப்படி அளப்பது?

பள்ளத்தூர்த் தாய்

என் மகனுக்கு நான்கு வயதும் எட்டு மாதமும் ஆகின்றன. சொன்னதை உடனே புரிந்துகொள்கிறான், நீளமான கதைகளைச் சொல்கிறான், செவித்திறன் சோதனையிலும் குறை எதுவும் இல்லை. ஆனால் ககரம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் தகரம் வருகிறது. காக்காவைத் தாத்தா என்கிறான். டகரமும் தகரமாகவே விழுகிறது. வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டதால் தடுமாற்றம் இல்லை. எல்.கே.ஜி. ஆசிரியைதான் பாதி நேரம் அவன் என்ன கேட்கிறான் என்று தெரியவில்லை என்கிறார்.

காரைக்குடியில் ஓர் இடத்தில் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். மெய்யொலித் துல்லியம் 71 விழுக்காடு, சிக்கல் இலேசு முதல் மிதம் வரை, வாரம் ஒரு முறை வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வெளியூரில் வேறோர் இடத்தில் அவனைப் பேசவிட்டுப் பதிவு செய்து, 48 விழுக்காடு, கடுமையானது, வாரம் மூன்று முறை வேண்டும் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் அவன் பேச்சு மோசமாகிவிடவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். இந்த இரண்டு எண்களில் எதை நம்பிப் பயிற்சியைத் திட்டமிடுவது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பேச்சுப் பயிற்சியாளர், தேவகோட்டை

அம்மா, இரண்டு எண்களும் சரியாகவே கணக்கிடப்பட்டிருக்கலாம். அவை வெவ்வேறு பேச்சை அளந்திருக்கின்றன என்பதுதான் வேறுபாட்டுக்குக் காரணம்.

இந்த விழுக்காட்டு முறையை ஷ்ரிபர்க், க்வியாட்கோவ்ஸ்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்டார்கள். குழந்தை சொல்ல நினைத்த மெய்யொலிகள் எத்தனை, அவற்றில் சரியாக ஒலித்தவை எத்தனை என்று எண்ணி நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதே முறை. 85-க்கு மேல் இலேசு, 65 முதல் 85 வரை இலேசு முதல் மிதம், 50 முதல் 65 வரை மிதம் முதல் கடுமை, 50-க்குக் கீழே கடுமை என்று அவர்கள் வகுத்தார்கள். உங்கள் இரு அறிக்கைகளிலும் இந்த வரம்புகளே பயன்பட்டிருக்கின்றன. ஆனால் அவர்கள் இம்முறையை இயல்பான உரையாடலுக்காக உருவாக்கினார்கள். படம் பார்த்துச் சொல்லும் தனிச்சொற்களுக்கு இந்த வரம்புகளை அப்படியே பொருத்துவது சரியன்று. மேலும் அந்த வரம்புகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் பதிவுகளைக் கேட்டு வகுக்கப்பட்டவை என்பதை நாம் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் மகனைப் போன்ற ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். ‘காக்கா கூட்டுல குஞ்சு இருக்கு’ என்பதை அவன் ‘தாத்தா தூத்துல துஞ்சு இருத்து’ என்று சொல்வான். இரட்டித்து வரும் மெய்யை ஒன்றாகக் கொண்டால் இந்த வாக்கியத்தில் பத்து மெய்யொலிகள் உள்ளன. லகரம், ஞகரம், சகரம், ரகரம் ஆகிய நான்கு மட்டும் சரி. ஆகவே 40 விழுக்காடு. அதே குழந்தை ‘அப்பத்தா மாவு பிசைஞ்சா’ என்று சொன்னால் எட்டுக்கு எட்டும் சரியாகி நூறு விழுக்காடு கிடைத்துவிடும். குழந்தை ஒன்றுதான், சிக்கலும் ஒன்றுதான், நாம் எந்தச் சொற்களைக் கேட்டோம் என்பதே எண்ணை மாற்றுகிறது.

தமிழ்ப் பேச்சில் இது இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. படப் பட்டியலில் உள்ளவை பெயர்ச்சொற்கள். உரையாடலிலோ ‘வீட்டுக்கு’, ‘எனக்கு’, ‘இருக்கு’, ‘வாங்க’, ‘அம்மாகிட்ட’ என்று இலக்கணமே ககரத்தைச் சுமந்து வருகிறது. ககரம் வராத குழந்தை ஒரு வாக்கியம் பேசினால் வேற்றுமை உருபிலும் வினைமுற்றிலும் மரியாதை விகுதியிலும் இடறுவான். படத்தைப் பார்த்துப் ‘பூ’, ‘மரம்’, ‘பல்லி’ என்று சொல்லும்போது அந்த இடறல் தெரியாது. எனவே உரையாடலில் கிடைத்த 48 என்ற எண், அவன் நாள் முழுவதும் பேசும் பேச்சுக்கு நெருக்கமானது என்றே நான் கருதுகிறேன்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. இந்த முறையில், கேட்பவருக்கு என்ன சொல் என்றே விளங்காத பகுதிகள் கணக்கில் சேர்வதில்லை. நினைத்த ஒலி எது என்று தெரிந்தால்தானே சரி தவறு சொல்ல முடியும்? இதனால் மிகவும் தெளிவற்றுப் பேசும் குழந்தைகளுக்கு, புரிந்த சொற்கள் மட்டும் எண்ணப்பட்டு, உண்மையைவிட நல்ல மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பதிவில் எத்தனை சொற்கள் புரியாமல் விடப்பட்டன என்று எழுதாத அறிக்கை முழுமையானது அன்று. அதை அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள்.

வயதைச் சேர்க்காமலும் எந்த எண்ணையும் படிக்கக் கூடாது. 27 மொழிகளில் நடந்த 64 ஆய்வுகளைத் தொகுத்து மக்லியோட், க்ரோ ஆகிய இருவர் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, ஐந்து வயதில் குழந்தைகள் ஏறத்தாழ 93 விழுக்காடு மெய்யொலிகளைச் சரியாகச் சொல்கிறார்கள் என்று காட்டுகிறது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு 71 கிடைத்தால் நான் பெற்றோரைத் தேற்றி அனுப்புவேன். உங்கள் மகனின் வயதில் 71 என்றாலும் பயிற்சி தேவைதான். ஆகவே பயிற்சி வேண்டுமா என்பதில் இரு அறிக்கைகளும் முரண்படவில்லை. எவ்வளவு, எந்த வகை என்பதில்தான் முரண்படுகின்றன. அதை இந்த ஓர் எண் தீர்மானிக்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோட்டையூர்

பயிற்சியாளர் அவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு எழுந்த கவலை வேறு. குழந்தை சொல்ல நினைத்த ஒலி எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எழுத்தில் உள்ளதை வைத்து முடிவு செய்தால் நம் பக்கத்துக் குழந்தைகள் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிடுவார்கள்.

நம் ஊர்களில் அன்றாடப் பேச்சில் ‘வாழைப்பழம்’ என்பது ‘வாளப்பளம்’தான். நான் வகுப்பறையில் ழகரத்துக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவன். அந்த ஒலியின் மீது எனக்குள்ள பற்றை யாரும் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் தாயும் தந்தையும் அப்பத்தாவும் ளகரமாகச் சொல்லும் சொல்லை நான்கு வயதுப் பிள்ளை ளகரமாகச் சொன்னால் அது அவன் கேட்டுக் கற்றது. அதைப் பள்ளி பிறகு சொல்லிக் கொடுக்கட்டும். சிகிச்சைக் கணக்கில் பிழையாக ஏற்றக் கூடாது. ‘காற்று’ என்ற சொல்லைக் ‘காத்து’ என்பதும், ‘நேற்று’ என்ற சொல்லை ‘நேத்து’ என்பதும் அப்படியே. ரகரம், றகரம் இரண்டையும் பேச்சில் நாம் யாரும் பிரிப்பதில்லை. ‘சோறு’ சிலர் வாயில் ‘ஸோறு’ ஆகும்.

இவை எல்லாவற்றையும்விட எளிதில் ஏமாற்றுவது சொல்லின் இறுதி. ‘மரம்’, ‘அவன்’, ‘வந்தான்’ என்று எழுதுகிறோம். பேசும்போது இறுதி மகரமும் னகரமும் மறைந்து அதற்கு முந்தைய உயிர் மூக்கொலியாக முடிகிறது. எழுத்தை வைத்து எண்ணுபவர் ‘குழந்தை இறுதி மெய்யை விட்டுவிடுகிறது’ என்று எழுதுவார். அப்படி எழுதினால் குழந்தையின் தந்தைக்கும் அதே குறையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். மேலே உள்ள கணக்கில் ‘காக்கா’ என்பதில் இரட்டித்த ககரத்தை ஒன்றாக எண்ணினீர்கள். இலக்கணப்படி அங்கே இரண்டு மெய்கள் உள்ளன. அப்படி எண்ணினால் விடை மாறுமல்லவா?

பேச்சுப் பயிற்சியாளர், தேவகோட்டை

மாறும், ஐயா. அதே வாக்கியத்தில் மெய்கள் பதின்மூன்றாகும், சரியானவை நான்கு மட்டுமே இருக்கும், 40 விழுக்காடு 31-க்குச் சற்றே குறைந்துவிடும். குழந்தையின் வாயில் எதுவும் மாறவில்லை. எனவே எந்த விதியில் எண்ணினோம் என்பதை அறிக்கையில் எழுதுவதும், அடுத்த முறையும் அதே விதியில் எண்ணுவதும் கட்டாயம்.

வட்டார வழக்கைப் பற்றி நீங்கள் சொன்னது 1982-இல் வந்த மூல முறையிலேயே விதியாக இருக்கிறது: குழந்தையின் சமூகத்தில் இயல்பாக வழங்கும் ஒலிப்பு சரியானதாகவே எண்ணப்பட வேண்டும். அதைப் பின்பற்ற, சோதிப்பவர் முதலில் வீட்டுப் பெரியவர்கள் அதே சொற்களைச் சொல்வதைக் கேட்க வேண்டும். நான் படச் சோதனைக்கு முன் தாயையோ ஆச்சியையோ பக்கத்தில் அமர்த்திப் பேசவிட்டுக் குறித்துக்கொள்கிறேன். ‘பணியாரம்’, ‘சீயம்’, ‘திண்ணை’, ‘வளவு’, ‘தேன்குழல்’ போன்ற, பிள்ளை தினமும் கேட்கும் சொற்களையும் பட்டியலில் சேர்க்கிறேன். பழக்கமில்லாத படத்தைக் காட்டினால் குழந்தை நாம் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறது. அப்போது நாம் கேட்பது அதன் இயல்பான ஒலிப்பு ஆகாது.

கானாடுகாத்தான் ஆச்சி

பள்ளத்தூர்ப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். எங்கள் வளவில் வளர்ந்த பிள்ளைகளில் மழலை மாறாமல் ஐந்து வயது வரை பேசியவர்கள் உண்டு. நாக்கில் வசம்பு தேய்ப்போம். சிலருக்கு நாவடி நரம்பு பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வோம். எல்லோரும் பிறகு நன்றாகவே பேசினார்கள். வீட்டில் அத்தனை பேருக்கும் புரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, எண்ணைக் காட்டிச் சின்னப் பிள்ளையைக் கடுமை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம் என்ற அக்கறையில்தான் எழுதுகிறேன்.

பேச்சுப் பயிற்சியாளர், தேவகோட்டை

ஆச்சி, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. தானாகச் சரியாகும் பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள். யார் தானாகச் சரியாவார்கள், யாருக்கு உதவி தேவை என்று முன்கூட்டியே பிரித்துப் பார்ப்பதற்கே இந்த மதிப்பீடு.

நாவடி நரம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ககரம் நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடுவதால் பிறக்கிறது. நாவடி நரம்பு நாக்கின் நுனியைப் பிடிப்பது. இந்தப் பிள்ளைக்கு நுனியால் பிறக்கும் லகரமும் ரகரமும் தெளிவாக வருகின்றன. வராத ககரமோ பின்னாக்கு ஒலி. ஆகவே நரம்பை வெட்டுவதால் ககரம் வந்துவிடாது. வசம்பு தேய்த்தாலும் நாக்குக்கு இடம் தெரியாது. ஊதல் ஊதுவது, மெழுகுவத்தி அணைப்பது, நாக்கை நீட்டி மடக்குவது போன்ற பேச்சில்லாப் பயிற்சிகளும் ஒலிப்பைத் திருத்துகின்றன என்பதற்குச் சான்று இல்லை. பல இடங்களில் இன்றும் குழந்தையின் நேரம் அதில் கழிகிறது என்பதே என் வருத்தம்.

வீட்டில் எல்லோருக்கும் புரிகிறது என்பது உண்மைதான். காலையில் பிள்ளை ‘தாப்பி’ என்றால் அது காப்பி என்று உங்களுக்கு முன்பே தெரியும். ஆசிரியைக்கு அந்த முன்னறிவு இல்லை. இதை அளப்பதற்கென்றே மக்லியோட், ஹாரிசன், மக்கார்மக் ஆகியோர் 2012-இல் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பெற்றோர் மதிப்பீட்டை வெளியிட்டார்கள். பெற்றோர், வீட்டில் உள்ளவர்கள், உறவினர், குழந்தையின் நண்பர்கள், அறிமுகமானவர்கள், ஆசிரியர்கள், அறியாதவர்கள் என்று ஏழு வகையினருக்குக் குழந்தையின் பேச்சு எவ்வளவு புரிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட வேண்டும். எப்போதும் புரியும் என்றால் ஐந்து, ஒருபோதும் புரியாது என்றால் ஒன்று. பள்ளத்தூர் அம்மா, முடிந்தால் இங்கேயே மதிப்பிட்டு எழுதுங்கள்.

பள்ளத்தூர்த் தாய்

எனக்கு ஐந்து, வீட்டில் உள்ளவர்களுக்கு நான்கு. அவனுடைய மாமன் வீட்டுக்கு மூன்று, தெருப் பிள்ளைகளுக்கு மூன்று, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மூன்று. ஆசிரியைக்கு இரண்டு. கொப்புடையம்மன் கோயில் வாசலில் பூக்காரரிடம் அவன் ஏதோ கேட்டபோது அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். அதனால் அறியாதவர்களுக்கும் இரண்டு என்று வைக்கிறேன். கூட்டி வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேலே வருகிறது. ஆச்சி, தாங்கள் சொன்னபடியே நானும் இதுவரை காத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு வரியாக எழுதும்போது, வீட்டை விட்டு விலக விலக எண் குறைந்துகொண்டே போவதைப் பார்க்கிறேன். அடுத்த ஆண்டு அவன் இருக்கப்போவது அந்தக் கீழ் வரிகளில்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தந்தை

எங்கள் பூர்வீகம் தேவகோட்டை. என் மகளின் நிலை இதற்கு நேர் எதிரானது என்பதால் எழுதுகிறேன். அவளுக்கு ஒன்பது வயது. ஸகரத்தைச் சொல்லும்போது நாக்கு பற்களுக்கு வெளியே வருகிறது, ரகரம் குழைகிறது. மற்ற ஒலிகள் அனைத்தும் தெளிவு. மதிப்பெண் தொண்ணூறுக்கு மேல். ‘இலேசு’ என்று எழுதி, பயிற்சி அவசரமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவள் வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். தன் பெயரிலேயே ரகரம் இருப்பதால் புதியவர்களிடம் பெயர் சொல்வதில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தால் ஐயாவிடம் மட்டும் பேசுகிறாள். ஒத்த வயதுப் பிள்ளைகளிடம் ஒதுங்குகிறாள்.

வரிசையில் கடுமையானவர்களுக்கு முதலிடம் என்பது நியாயம்தான். ஆனால் ஒலிகளை எண்ணி மட்டும் வரிசையிட்டால் என் மகளைப் போன்றவர்கள் எப்போதும் கடைசியில் நிற்பார்கள். அவள் இழப்பது மெய்யொலிகளை அல்ல. பேச வேண்டிய இடங்களை இழக்கிறாள். இதை எந்த அளவுகோல் எண்ணுகிறது?

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை

சிங்கப்பூர் நண்பருக்கு: உலக சுகாதார நிறுவனம் 2007-இல் குழந்தைகளுக்கென வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாடு, உடலின் செயல், அன்றாடச் செயற்பாடு, வாழ்வில் பங்கேற்பு ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது. ஒலி விழுக்காடு முதலாவதைத் தொடுகிறது. அன்னியருக்குப் புரிவது இரண்டாவது. உங்கள் மகள் கை தூக்காமல் இருப்பது மூன்றாவது. முதலாவதில் இலேசாக இருந்து மூன்றாவதில் கடுமையாக இருக்கும் குழந்தைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்பது வயதில் நீடிக்கும் ஒலிப்புப் பிறழ்வு தானாக மறையும் என்று காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறிக்கையை எழுதியவரிடம், அவள் பள்ளியில் எங்கெல்லாம் பேசாமல் ஒதுங்குகிறாள் என்பதை எழுத்தில் கொடுத்து மறுமதிப்பீடு கேளுங்கள். இது உங்கள் உரிமை.

இனி மூலக் கேள்விக்கு வருகிறேன். தேவகோட்டைப் பயிற்சியாளர் எண்ணை விளக்கியதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் பயிற்சியின் வகையைத் தீர்மானிப்பதில் எண்ணைவிடப் பிழையின் இயல்பு முக்கியம் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 48 விழுக்காடு பெறும் மூன்று குழந்தைகளுக்கு மூன்று விதமான பயிற்சி தேவைப்படலாம்.

ஒருவன் ககரத்தையும் டகரத்தையும் எப்போதும் தகரமாகவே மாற்றுகிறான். அவன் மனத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்குதான் நம் மொழியின் ஒழுங்கோடு பொருந்தவில்லை. இன்னொருவன் ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறான். ‘பணியாரம்’ ஒரு முறை ‘பயியாரம்’, அடுத்த முறை ‘தணாரம்’, மூன்றாம் முறை ‘பமியாலம்’ என்று வரும். பார்பரா டாட் என்ற ஆய்வாளரின் முறையில், 25 சொற்களை ஒரே அமர்வில் இடைவெளி விட்டு மூன்று முறை சொல்லவைத்து, 40 விழுக்காடு சொற்களில், அதாவது பத்துச் சொற்களிலாவது, ஒலிப்பு மாறினால் நிலையற்ற ஒலிப்பு என்று கொள்கிறார்கள். அத்தகைய குழந்தைக்கு ஒலிகளை ஒப்பிட்டுக் காட்டும் பயிற்சி பயன் தருவது அரிது. அவனுக்குத் தேவையான ஐம்பது, அறுபது அன்றாடச் சொற்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே விதமாகச் சொல்லப் பழக்குவதே முதல் வேலை. மூன்றாமவனுக்கு, ஒலிப்பு மாறுவதோடு, ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குப் போகும் இடங்கள் நீண்டு தடைப்படும், சொல்லின் ஏற்ற இறக்கமும் பிறழும். அங்கே பேச்சுக்கான இயக்கத் திட்டமிடலில் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவனுக்கு அடிக்கடி, குறுகிய இடைவெளியில், இயக்கத்தையே பழக்கும் பயிற்சி தேவை.

இவற்றைப் பிரிக்காமல் மூவருக்கும் ‘கடுமை, வாரம் மூன்று முறை’ என்று எழுதுவது பயனற்றது. எதைச் செய்வதற்கு மூன்று முறை?

இன்னொரு சோதனையும் எளிதில் செய்யக்கூடியது. வாயைக் காட்டி, தொண்டைப் பக்கம் தொட்டுக் காட்டி, ‘க்க்’ என்று தனியாகச் சொல்லிக் காட்டினால் அவனால் அதைப் பின்பற்றிச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த ஒலி விரைவில் வர வாய்ப்பு அதிகம். முடியாவிட்டால் அது தானாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பள்ளத்தூர்த் தாய்

தாங்கள் சொன்னபடி 25 சொற்களைக் காலை உணவுக்கு முன்னும், நடுவில் ஒரு விளையாட்டுக்குப் பின்னும், மீண்டும் ஒரு முறையும் கேட்டேன். இரண்டு சொற்கள் மட்டுமே மாறின. ககரமும் டகரமும் எல்லா இடத்திலும் தகரம்தான். ‘க்க்’ என்று சொல்லிக் காட்டினால் தகரமே வருகிறது. ஆனால் கொப்புளிக்கும்போது தொண்டையில் எழும் ஒலியைப் போலச் செய்யச் சொன்னால் சில முறை ககரம் போல ஒன்று எழுகிறது. தினமும் பேருந்தில் காரைக்குடிக்குப் போய் வருவது எனக்குக் கடினம். என் கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். இந்த நிலையில் வாரம் எத்தனை முறை என்று தாங்கள் முடிவு செய்வீர்கள்?

பேச்சுப் பயிற்சியாளர், தேவகோட்டை

அம்மா, வீட்டில் நீங்கள் செய்தது முறையான மதிப்பீட்டுக்கு மாற்று ஆகாது என்றாலும் மிகப் பயனுள்ள தகவல். நேரில் பார்ப்பவரிடம் இந்தத் தாளைக் கொண்டு போங்கள். பார்ப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சிக்கல் நிலையானது, ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. ஆனால் பேச்சின் மிகப் பெரிய பகுதியை மூடுகிறது, அன்னியருக்குப் புரிவதைக் குறைக்கிறது, வயதும் ஐந்தை நெருங்குகிறது. ஆகவே நான் கடுமை என்ற பக்கமே சாய்கிறேன். மூன்று ஒலிகள் ஒரே தகரத்தில் விழுவதால், அவற்றை ஒன்றாக எதிரெதிரே நிறுத்திப் பழக்கும் முறை பொருந்தும். தமிழ் இதற்கு அருமையான சொற்களைத் தருகிறது: முக்கு, முட்டு, முத்து, பாக்கு, பாட்டு, பாத்து, வாக்கு, வாட்டு, வாத்து. மூன்றையும் அவன் ஒன்றாகவே சொல்கிறான் என்பதால், ‘முட்டு’ என்று சொல்ல நினைத்தவனுக்கு முத்தைக் கொடுத்தால் அவனே தன் சொல் தவறிய இடத்தை உணர்வான். சொல்லின் முதலில் வரும் ககரத்துக்குக் கோடு, தோடு, கட்டு, தட்டு, கண்ணி, தண்ணி ஆகிய இணைகள் போதும். காக்கா, தாத்தா உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

எத்தனை முறை என்பதற்கு: இதே முறையைப் பயன்படுத்தி ஆலன் என்பவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை வீதம் எட்டு வாரங்களும், இன்னொரு குழுவுக்கு வாரம் ஒரு முறை வீதம் 24 வாரங்களும் பயிற்சி தரப்பட்டது. மொத்த அமர்வுகள் சமம். நெருக்கமாகப் பெற்ற குழுவே கூடுதலாக முன்னேறியது. ஆகவே உங்கள் இரண்டாவது அறிக்கை கேட்ட மூன்று முறைக்குக் காரணம் உண்டு. ஆண்டு முழுவதும் அப்படி அலைய வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. இரண்டு மாதம் நெருக்கமாகச் செய்து, இடைவெளி விட்டு, மீண்டும் அளந்து பார்ப்பது உங்கள் சூழலுக்கும் ஏற்றது. ஓர் அமர்வில் குழந்தை இலக்கு ஒலியை எத்தனை முறை சொல்கிறான் என்பதும் அமர்வுகளின் எண்ணிக்கைக்கு இணையாக முக்கியம். இருபது முறை சொல்லிவிட்டுப் பொம்மையோடு கழியும் ஒரு மணி நேரத்தைவிட, எழுபது முறை சொல்லவைக்கும் அரை மணி நேரம் மேலானது.

மூன்றில் ஓர் அமர்வை அலைபேசிக் காணொளியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். செலவு தடையாக இருந்தால், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளையும் அரசுப் பள்ளிகளையும் பார்க்க வரும் மருத்துவக் குழுவினரிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்குப் பரிந்துரை பெறலாம். ஒரு செய்தியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள பேச்சு, மொழி இயலாமை என்பது உடல் அல்லது நரம்புக் காரணத்தால் நிலைத்துவிட்ட பாதிப்பைக் குறிப்பது. ‘கடுமை’ என்ற சொல் அறிக்கையில் இருப்பதால் உங்கள் மகனுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். இது மாறக்கூடிய நிலை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோட்டையூர்

முக்கு, முட்டு, முத்து என்ற வரிசையைப் படித்து மகிழ்ந்தேன். கொக்கு, கொட்டு, கொத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை

சேர்க்கலாம், ஐயா, ஆனால் முதலிலும் ககரம் இருப்பதால் தொடக்கத்தில் வேண்டாம். சொல்லின் இடையில் ககரம் நிலைத்த பிறகு தரலாம். இன்னும் நல்லது, அந்த வரிசையைப் பயிற்சிக்கே தராமல் சோதனைக்கு ஒதுக்கி வைப்பது. பழக்கிய சொற்களை மீண்டும் கேட்டு 90 விழுக்காடு என்று மகிழ்வது எளிது. பழக்காத சொற்களில் ககரம் வருகிறதா என்பதே ஒலியைக் குழந்தை கற்றுக்கொண்டதற்குச் சான்று.

பள்ளத்தூர் அம்மா, எட்டு வாரங்களுக்குப் பின் மறுமதிப்பீடு செய்யும்போது மூன்றை வலியுறுத்துங்கள். முதல் பதிவைப் போலவே உரையாடலாக இருக்க வேண்டும், அதே விதியில் எண்ண வேண்டும், ஏழு கேள்விகளில் ஆசிரியைக்கான வரியை ஆசிரியையே நிரப்ப வேண்டும். 48 என்பது 60 ஆகியும் ஆசிரியையின் வரி இரண்டிலேயே நின்றால், வகுப்பில் எந்தச் சொற்கள் தவறுகின்றன என்று கேட்டு அடுத்த சுற்றின் சொற்களை அங்கிருந்து எடுக்க வேண்டும். எழுத்துகளை அவன் எப்படி அறிகிறான் என்பதையும் அப்போது பாருங்கள். பிஷப், ஆடம்ஸ் ஆகிய இருவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மொழிச் சிக்கல் ஐந்தரை வயதுக்குள் தீர்ந்த குழந்தைகள் வாசிப்பில் பெரிதும் பின்தங்கவில்லை. அதன் பின்னும் நீடித்தவர்கள் பின்தங்கினார்கள். உங்கள் மகனின் மொழியறிவு நன்றாக இருக்கிறது என்பது அவனுக்குப் பெரிய பலம். ஆயினும் தன் வாயில் ஒன்றாகவே வரும் ககரத்தையும் தகரத்தையும் அவன் சிலேட்டில் பிரித்து எழுத வேண்டிய நாள் நெருங்குகிறது. அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் இரண்டு சுற்றுகளை முடிக்க இப்போதே தொடங்குங்கள்.